ஐம்பது மீட்டர் பொன்மணி

காலை எட்டரை மணிக்குப் பொன்மணி ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருவாள். தட்டில் சோறு, மத்திக் குழம்பு, ஓரத்தில் ஒரு வறுத்த மிளகாய். எதிரே கணவன் முத்துவேல் புட்டைக் கடலைக்கறியோடு பிசைந்து காலைப் பலகாரம் தின்றுகொண்டிருப்பான். அவனுக்கு அப்போதுதான் நாள் தொடங்கும், அவளுக்கு முடியும். கை கழுவியதும் அவன் பெட்டி ஆட்டோவை எடுத்துக்கொண்டு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குச் சுக்கும் மிளகும் ஏற்றப் போவான். அவள் ஜன்னலில் கறுப்புத் தார்ப்பாயை இழுத்துவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, சுவரைப் பார்த்து "குட் நைட்" என்று சொல்லிவிட்டுப் படுப்பாள்.

பதினோரு வருஷம் இப்படித்தான் போயிற்று. அந்தச் சந்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அவள் பேச்சு பிடிபடவே கொஞ்ச காலம் ஆகும். "நேத்து நடுராத்திரி கேஸ்காரன் வந்து கதவைத் தட்டி எழுப்பிட்டான்" என்பாள். கேட்டவர்கள் பதறுவார்கள். அவள் சொல்வது பகல் பன்னிரண்டு மணியை. மாலையில் எழுந்து, வாசலில் நின்று சாயா குடித்தபடி, வேலை முடிந்து களைத்து வருகிறவர்களைப் பார்த்து, "என்ன, விடிஞ்சுதா?" என்று விசாரிப்பாள்.

பிறந்தது அதே சந்தில்தான். அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மிளகுக் கிடங்குக்கு மூட்டை தூக்க வந்தவர். பொன்மணி தமிழில் பேசுவாள், மலையாளத்தில் படிப்பாள், கோபம் வந்தால் இரண்டையும் கலந்து ஏசுவாள். வேலை, எர்ணாகுளத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அட்டெண்டர். நைட் டூட்டி. நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோகும்போது ஸ்ட்ரெச்சருக்கு முன்னால் வழிவிடச் சொல்லி அவள் குரல் போகும்: "மாறணே, சேட்டா, மாறணே." மேலே படுத்திருப்பவர் யாராக இருந்தாலும் குனிந்து ஒரே கேள்விதான் கேட்பாள். "வேகம் போதுமா, கூட்டணுமா?" வலியில் கிடப்பவர்களும் சிரித்துவிடுவார்கள்.

நீச்சலுக்கு வந்தது தற்செயல். மகள் அஞ்சனா பத்தாம் வகுப்பு படித்தபோது, நீச்சல் சான்றிதழ் இருந்தால் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். தேவராவில் ஒரு நீச்சல் குளத்தில் அவளைச் சேர்த்தார்கள். நைட் டூட்டி முடிந்து நேராக அங்கே வந்து, மகள் நீந்துகிற நேரம் முழுக்கப் பொன்மணி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு உறக்கம் வராது. அது அவள் உறங்குகிற நேரம் இல்லையே. சும்மா உட்கார்ந்திருப்பது அலுத்துப்போய், "நானும் இறங்கட்டுமா?" என்று கேட்டாள். அஞ்சனா சான்றிதழ் வாங்கியதோடு தண்ணீரை மறந்துவிட்டாள். இப்போது பெங்களூரில் வேலை. அம்மாதான் குளத்தைவிட்டு ஏறவே இல்லை.

அவள் நீந்துவது ஐம்பது மீட்டர். குளத்தின் அந்தச் சுவர்வரை போய், திரும்பி வருவது. அதற்குமேல் ஒரு முழம்கூட நீந்தமாட்டாள். "நூறு மீட்டர் எல்லாம் பஸ் ஏறிப் போற தூரம்" என்பாள். ஆனால் அந்த ஐம்பது மீட்டரில் அவளை யாரும் பிடிக்க முடியாது. நீச்சலில் அழகு ஒன்றும் கிடையாது. கை இரண்டும் கல்லில் துணி அடிப்பதுபோல விழும், தண்ணீர் பக்கத்துக் கயிறுவரை தெறிக்கும். சுவரைத் தொட்டு எழுந்து, மூக்கைச் சிந்தி, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்ப்பாள்.

பின்னால் எப்போதும் வருவது அம்மிணி. தேவரா ஜங்ஷனில் நைட்டி தைக்கும் கடை வைத்திருப்பவள், பொன்மணியைவிட இரண்டு வயது மூத்தவள், மெலிந்து நீண்ட கை. விடியற்காலைப் பெண்கள் வகுப்புக்கு வந்ததும் அவளுக்குக் கழுத்தைச் சுழற்ற வேண்டும், தோளைச் சுழற்ற வேண்டும், முட்டியைத் தடவ வேண்டும். பொன்மணிக்கு அதெல்லாம் இல்லை. மருத்துவமனையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவாள், உடை மாற்றுவாள், குதிப்பாள். தோற்று வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மிணி மூச்சு வாங்கியபடி, "நாளெ காணாம்" என்பாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மலையாளத்தில் அவள் விடும் சவால். பொன்மணி அதைத் தமிழாக எடுத்துக்கொண்டு, "ஆமா, திரும்பிப் பார்த்தா நாளைக்கும் உன்னைக் காணோம்தான்" என்பாள். ஐந்து வருஷம் இந்தச் சவாலும் இந்தப் பதிலும் மாறவில்லை.

ஒரு ஓணம் முடிந்த கையோடு மருத்துவமனையில் அவளைப் பகல் டூட்டிக்கு மாற்றினார்கள். எத்தனையோ தடவை கேட்டு, கிடைக்காது என்று விட்டுவிட்ட ஒன்று. முத்துவேல் அன்று லோடு ஏற்றப் போகாமல் இறைச்சி வாங்கிவந்தான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில், ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். தார்ப்பாயைக் கழற்றியபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு பப்பாளி மரம் காய்த்து நின்றது. அது எப்போது முளைத்தது என்றே அவளுக்குத் தெரியாது.

ராத்திரியில் உறங்கப் பழகத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டாள். முதல் சில வாரங்கள் முத்துவேலின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கியபோது அதுவும் சரியாகிவிட்டது. படுத்தால் உறக்கம், அலாரம் அடித்தால் விழிப்பு. இருட்டோடு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, தோப்பும்படிப் பாலம் தாண்டி தேவராவில் இறங்கி, குளத்தில் ஐம்பது மீட்டர் போட்டுவிட்டு டூட்டிக்குப் போவாள்.

கை கனக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

தண்ணீரில் கையை வீசினால் நனைந்த சாக்கைத் தூக்கிப் போடுவதுபோல இருந்தது. பாதி தூரத்திலேயே மூச்சு முட்டியது. முதலில் உறக்கம் பழகாததால் என்று நினைத்தாள். உறக்கம் பழகிய பிறகும் கனம் இறங்கவில்லை. ஒரு நாள் அம்மிணி அவளுக்கு முன்னால் சுவரைத் தொட்டாள். தொட்டவள் சந்தோஷப்படாமல் திரும்பிப் பார்த்து, "எந்தா பொன்மணி, சும்மா விட்டுக்கொடுத்ததா?" என்று கேட்டாள். பொன்மணி ஆமாம் என்று தலையாட்டினாள். அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த வாரம் யார் யாரோ முன்னால் போனார்கள். பயிற்சியாளன் சிஜு கரையோரம் குந்தி உட்கார்ந்து, ஆதரவாகத்தான் சொன்னான்: "சேச்சி, பிராயம் ஆகுது அல்லே. இனி வேகம் எல்லாம் எதுக்கு? உடம்புக்கு நல்லதுன்னு மெல்ல நீந்தினா போதும்."

பிராயம் என்ற சொல் அவளைக் குத்தவில்லை. அவளுக்கு ஞாபகம் வந்தது வேறு. அண்ணன் காளிமுத்து எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு மொத்தக் கடையில் வேலை பார்த்தவன். வெங்காய மூட்டையை ஒற்றை ஆளாக மாடிக்கு ஏற்றுவான். கடைசி ஒரு வருஷம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒன்றையே சொன்னான். "கை கனக்குது பொன்னு. ஒண்ணும் இல்ல, ஆனா கை கனக்குது." வயசுதான் என்றார்கள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். ஒரு நாள் அந்த மாடிப்படியில் மூட்டையோடு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அப்போது அவனுக்கு நாற்பத்தேழு. பொன்மணிக்கு இப்போது நாற்பத்தேழு.

யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்கும் ரஜிதா நல்ல பெண். அவளைப் பிடித்து, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இ.சி.ஜி. எடுத்துக்கொண்டாள். பிறகு டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்த்தார்கள். டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, பேடிக்க வேண்டாம். நல்ல ஸ்ட்ராங் ஹார்ட்" என்றார். வெளியே வந்ததும் ரஜிதா, "சமாதானம் ஆச்சா சேச்சி?" என்று கேட்டாள். பொன்மணி சிரித்துவைத்தாள். அண்ணனுக்கும் ஒன்றும் இல்லை என்றுதானே சொன்னார்கள்.

அதன் பிறகு அவள் முத்துவேலுக்குச் சமையல் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள்.

"இந்தாங்க, குடம்புளி இவ்வளவு போதும். கூடிப்போச்சுன்னா வாயில வைக்க முடியாது."

"எனக்கு எதுக்கு இதெல்லாம்? நீதான் இருக்கியே."

"தெரிஞ்சு வச்சுக்கிட்டா என்ன, கை தேஞ்சிருமா?"

முத்துவேல் கரண்டியைக் கீழே வைத்தான். "பெங்களூருக்கு மககூடப் போய் இருக்கப் போறியா?"

"ஆமா."

"எத்தனை நாளைக்கு?"

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு, மீனை உடையாமல் எப்படித் திருப்புவது என்று காட்டினாள். அன்றிலிருந்து அவள் தொலைபேசியில் மகளோடு பேசும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று எதையாவது தேடத் தொடங்கினான்.

ஏப்ரல் வந்தது. பள்ளி விடுமுறை. குளத்தைக் காலை முழுக்கப் பிள்ளைகளின் நீச்சல் முகாமுக்கு ஒதுக்கிவிட்டு, பெண்கள் வகுப்பை மாலைக்கு மாற்றினார்கள். திருச்சூரில் நடக்க இருந்த மூத்தோர் நீச்சல் போட்டிக்குச் சிஜு முன்பே பொன்மணியின் பெயரையும் கொடுத்திருந்தான். அதை எடுத்துவிடச் சொல்ல வேண்டும், இனி வரப்போவதில்லை என்றும் சொல்லிவிட வேண்டும் என்று டூட்டி முடிந்த ஒரு மாலை தேவராவில் இறங்கினாள்.

அம்மிணி விடவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு நனையாம போறதா? ஒரு தடவை. எனக்காக." அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் பெஞ்சில் வைத்துக்கொண்டாள். தொப்பியைத் தேடி எடுத்து அவளே மாட்டியும் விட்டாள்.

பொன்மணி பகல் முழுக்க ஸ்ட்ரெச்சர் தள்ளியிருந்தாள். கால் வலித்தது. விருப்பமே இல்லாமல்தான் குதித்தாள். இரண்டு வீச்சு போட்டதும் ஏதோ வித்தியாசம் தெரிந்தது. மூன்றாவது வீச்சில் கை தானாகப் போனது. தண்ணீர் கைக்குள் நின்றது, பிடித்து இழுத்தால் உடம்பு முன்னால் போனது. சுவரை உதைத்துத் திரும்பியபோது கனம் எங்கே என்று தேடினாள். இல்லை. வந்து தொட்டுத் தலையைத் தூக்கியபோது அம்மிணி இரண்டு வீச்சுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

சிஜு கையிலிருந்த கடிகாரத்தை அவளிடமே நீட்டினான். "சேச்சி, இது பழைய டைம். நைட் டூட்டிக் காலத்து டைம்."

"வாட்ச் கேடா?"

"வாட்ச் ஒண்ணும் கேடில்ல."

உடை மாற்றும் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவள் சிரித்தாள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டாள். ஆனாலும் ஒரு நாளை நம்ப முடியுமா? மறுநாள் மாலையும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். கை கனக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனபோது முத்துவேல் தனியாகவே மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். அவள் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். கை கனத்தது, அண்ணன், ரஜிதா, டாக்டர், குடம்புளி, எல்லாம்.

முத்துவேல் கேட்டு முடிக்கும்வரை கிளறவே இல்லை. குழம்பு ஓரத்தில் பொங்கி வழிந்தது.

"ஏ பொன்னு, இதை எங்கிட்டச் சொல்ல உனக்கு இத்தனை மாசம் ஆச்சா?"

"பயமா இருந்துச்சு."

"நீ பாட்டுக்குப் புளி அளக்கச் சொல்லித் தர்ற. நான் பாட்டுக்கு மககிட்டப் போகப் போறேன்னு நெனைச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் ஒறங்காம கெடந்தேன்." அடுப்பை அணைத்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னான். "நைட் டூட்டி முடிச்சுக் குளத்துல இறங்கறப்ப உனக்கு அது சாயங்காலம். வேலையெல்லாம் பாத்து உடம்பு நல்லா சூடேறி இருக்கும். இப்ப அதே நேரம் உனக்கு விடியக்காலம். படுக்கையிலிருந்து எந்திரிச்சு நேரா போய்த் தண்ணியில விழுற. என் வண்டியே காலையில நாலு உதை உதைச்சாத்தான் கிளம்புது. உன் கை மட்டும் எப்படி?"

அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு இருவரும் அந்த வழிந்த குழம்பைச் சாப்பிட்டார்கள். புளி கூடியிருந்தது. ஆனாலும் அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

சிஜுவிடம் கேட்டபோது அவனும் தலையில் தட்டிக்கொண்டான். விடியற்காலையில் உடம்பின் சூடு குறைவு, மாலையில் அது ஏறி நிற்கும், குறைந்த தூரத்தை முழு வேகத்தில் நீந்துகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்று படித்திருக்கிறான். எல்லோருக்கும் கொஞ்சம் உண்டாம், சிலருக்கு அதிகமாம். "சேச்சிக்கு நாள் தலைகீழா இருந்தது எனக்கு ஓர்மை வரல" என்றான். காலையில் நீந்தித்தான் ஆக வேண்டும் என்றால் ரொம்ப முன்னாலேயே எழுந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், அப்போதும் பாதி குறைதான் தீரும் என்றான். பொன்மணிக்குப் பாதி போதுமாக இருந்தது.

அவளுக்கு நெருடியது இன்னொன்று. மறுநாள் பெஞ்சில் அம்மிணியின் பக்கத்தில் உட்கார்ந்து அதையும் சொல்லிவிட்டாள். "இத்தனை வருஷம் நான் உன்னைத் தோற்கடிச்சது சரியில்ல. நீ பாதி உறக்கத்துல நீந்தின. நான் நல்லா முழிச்சு, வேலையெல்லாம் பார்த்துட்டு வந்து நீந்தினேன்."

அம்மிணி தொப்பியை மாட்டிக்கொண்டே கேட்டாள். "அப்போ நான் கெட்டிக்காரி அல்லே? உறக்கத்துலேயே இரண்டாவது வந்திருக்கேன்."

"அதைத்தான் சொல்றேன்."

"இனி நாம ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு நீந்தலாம்" என்று சொல்லிவிட்டு அம்மிணி வழக்கத்தைவிட அதிக நேரம் தோளைச் சுழற்றினாள். அந்த மாதம் முடிவதற்குள் இருவருக்கும் நடுவில் இருந்த இரண்டு வீச்சு ஒன்றானது, ஒன்று அரையானது.

திருச்சூரில் முதல் சுற்று காலையில், இறுதிச் சுற்று மாலையில். முந்தின நாளே ரயிலில் போய், போட்டி நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். முத்துவேலும் வந்திருந்தான். விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே பொன்மணி எழுந்து, வெந்நீரில் குளித்து, ஒரு பெரிய டம்ளர் சாயா குடித்துவிட்டு, லாட்ஜின் மாடிப்படிகளில் ஏறி இறங்கத் தொடங்கினாள். மேல்மாடிவரை ஓட்டமாக ஏறுவாள், மெல்ல இறங்குவாள். கீழே நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த வாட்ச்மேன் விழித்துக்கொண்டு, ஏதாவது வேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டான்.

"ஒண்ணும் வேண்டா சேட்டா" என்றாள் அவள், திரும்பவும் ஏறிக்கொண்டே. "உடம்புக்கு விடிய வைக்கிறேன்."

காலைச் சுற்றில் கையில் கொஞ்சம் கனம் இருந்தது. அவள் அதற்குப் பயப்படவில்லை. அது என்ன கனம் என்று இப்போது தெரியும். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர். எட்டாவது பெயராக அவள் பெயரை வாசித்தார்கள். முத்துவேல் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "இது அவளுக்குக் காலைப் பொழுது. சாயங்காலம் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மாலையில் வெயில் சாய்ந்திருந்தது. ஓரத்து வரிசை பொன்மணிக்கு, அதற்கு அடுத்தது அம்மிணிக்கு. விசில் ஊதியதும் குதித்தார்கள். போகும்போது பொன்மணி முன்னால் இருந்தாள். திரும்பும்போதும் அரைக் கை முன்னால்தான். கடைசிப் பத்து மீட்டரில் அம்மிணியின் அந்த நீண்ட கை பக்கத்தில் வந்து விழுவதைத் தண்ணீருக்குள்ளேயே பார்த்தாள். தன்னிடம் இருந்ததை எல்லாம் போட்டு இழுத்தாள். எதுவும் மிச்சம் வைக்கவில்லை. அம்மிணி ஒரு விரல்கடை முன்னால் தொட்டாள்.

முதலாவது வந்தது கொல்லத்திலிருந்து வந்த ஒரு முன்னாள் போலீஸ்காரி. அம்மிணி மூன்றாவது, பொன்மணி நான்காவது. அறிவிப்பைக் கேட்டதும் அம்மிணி ஜெயித்தவள்போல இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு இளைக்க, "ராத்திரி சரியா உறங்கலையா பொன்மணி? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

பொன்மணி வாயைத் திறந்து காற்றை இழுத்தபடி சிரித்தாள். பிறகு கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி, அம்மிணியின் ஈரக் கையைப் பிடித்து இழுத்து, திமுதிமுவென்று அடித்துக்கொண்டிருந்த தன் நெஞ்சின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.